நாள் முழுக்க நிற்பவர்களுக்கு

ஜூன் 3, செவ்வாய்

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் சியாமளா மேடம். சுயதொழில் வகுப்புக்கு வரும் நாற்பது பெண்களுக்கும் இதுதான் வீட்டுப்பாடம்: யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள், எப்படிப் போனார்கள். சனிக்கிழமையே ஆரம்பித்திருக்க வேண்டும். மூன்று நாளாக ஒரு ஈ காக்கைகூடப் படியேறவில்லை, எதை எழுத?

"திருச்சியில மசாஜ் பண்றவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. உங்ககிட்ட ஏன் வரணும்? அத ஒரே வரியில சொல்லத் தெரியணும். அந்த வரி கிடைச்சிட்டா பாதிக் கடை நின்ன மாதிரி" என்றார். வரி கிடைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

போனில்தான் தட்டுகிறேன். தட்டத் தட்ட அது காதில் திருப்பிச் சொல்லும். பிரெயிலில் எழுதினால் பிலோ விரலை வைத்துப் படித்துவிடுவாள். அடுத்தவர் விஷயம் என்றால் அவளுக்கு அல்வா.

முதலில் நம்மைப் பற்றி எழுத வேண்டுமாம். மங்கையர்க்கரசி, வயது முப்பத்தாறு, ஊர் மணப்பாறை. ஏழு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போயிற்று. மசாஜ் படித்து ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். தை மாதம் ஹோட்டல்காரர்கள் அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். கூடப் படித்து, கூட வேலை பார்த்த பிலோமினாவும் நானும் சேர்ந்து சித்திரையில், தங்கவும் தொழிலுக்கும் என்று, இந்த அறையைப் பிடித்தோம். தெப்பக்குளம் பக்கம் ஒரு சந்தில், பாய் எவர்சில்வர் கடைக்கு மேலே, பதினெட்டுப் படி. பிலோவுக்குக் கொஞ்சம் பார்வை உண்டு. நிறம் தெரியும், பெரிய எழுத்தென்றால் மூக்கோடு ஒட்டி வைத்துப் படிப்பாள். அதனால் வெளிவேலை எல்லாம் அவள்.

மணப்பாறையில் முறுக்கு வியாபாரம் பார்க்கும் அண்ணன் கெடு வைத்திருக்கிறது. "ஆடி வரைக்கும் பாரு. நிக்கலைன்னா ஆவணி ஒண்ணாந்தேதி நானே வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவேன்." அண்ணன் நல்லது. அண்ணியும் நல்லது. அந்த வீட்டில் வேளாவேளைக்குத் தட்டு முன்னால் வரும். யாரும் என்னிடம் ஒரு வேலையும் சொல்ல மாட்டார்கள். மசாஜ் படிக்கப் போகும் முன் அங்கே அப்படி நாலு வருடம் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

ஒருத்தி வந்தாள். பெயர் செவ்வந்தி. பக்கத்துப் பெரிய ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. காலை ஒன்பதரைக்கு நின்றால் இரவு வரை நிற்க வேண்டும். சாப்பாட்டுக்கு மட்டும் அரை மணி. முட்டிக்குக் கீழே யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

நான் எப்போதும் குதிகாலில்தான் ஆரம்பிப்பேன். தொட்டதும் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா, காலையா!" என்று என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் இப்படித்தான். காலை இன்னொருத்தர் கையில் கொடுத்தால் பாவம் வந்து சேர்ந்துவிடுமாம். "வலி கால்ல. கையக் குடுத்தா நான் எத அமுக்க?" என்றேன். மூன்று தடவை இழுப்பார்கள். மூன்றாவது தடவை விடாமல் பிடித்துக்கொண்டால் அதன்பிறகு கால் நம்முடையது. ஹோட்டலில் கற்றுக்கொண்டது இது.

கெண்டைக்கால் கல். அரை மணி அமுக்கியதும் இளகியது. போகும்போது படியில் அவள் நடை மாறியிருந்ததைக் கேட்டேன். "ஒரு மணி நேரம் யாருக்குக்கா இருக்கு? இன்னிக்கு லீவு போட்டதால வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஜூன் 7, சனி

வகுப்பில் வரியைக் கேட்டார்கள். பிலோ எழுந்து, "கை பட்டால் வலி பறக்கும்" என்றாள். "நல்லாருக்கு. ஆட்டோ பின்னாடி எழுதலாம்" என்றார் மேடம். நான், ஒன்பது வருட அனுபவம் என்றேன். பக்கத்தில் இருந்த ஊறுகாய் அக்காவுக்கு அனுபவம் பதினாறு வருடமாம். உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மேடம் எழுதச் சொன்னதில் ஒரு பிரயோஜனம் இருக்கத்தான் செய்கிறது. ஏப்ரலிலிருந்து வந்தவர்களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். செவ்வந்தி, அவள் அனுப்பிய நைட்டிப் பிரிவுப் பெண், ஒரு நர்ஸ், இட்லிக்கடை அம்மா, கரும்பலகையை விட்டு நகராத கணக்கு டீச்சர், கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறும் ஒருத்தி. உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் ஒருத்திகூட இல்லை. எல்லோரும் நிற்கிறவர்கள்.

பிலோவிடம் சொன்னேன். "அதுக்கு என்னட்டி இப்போ?" என்றாள். எண்ணெய்க் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 14, சனி

எழுந்து நின்று சொன்னேன்: "நாள் முழுக்க நிற்பவர்களுக்கு."

மேடம் மேசையைத் தட்டினார். "இதுதாம்மா! இது வேற யாருகிட்டயும் இல்ல. மசாஜ்னு சொன்னா ஊரே ஒரு மாதிரி பாக்கும். நிக்கிறவங்களுக்குன்னு சொன்னா, நின்னவளுக்கு உடனே கால் வலிக்கும்." நாற்பது பேரும் கை தட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வீட்டுக்கு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பிலோ தலைவலி என்று பஸ்ஸில் பேசவில்லை.

ஜூன் 16, திங்கள்

போர்டு வந்துவிட்டது. பிலோதான் ஃபிளெக்ஸ் கடைக்குப் போய் உட்கார்ந்து அடித்து வாங்கி, ஆள் வைத்து வெளிச்சுவரில் கட்டினாள். கீழே தெருவில் நின்று படித்தும் காட்டினாள். "நாள் முழுக்க நிற்பவர்களுக்கு. கால் வலிக்கு மசாஜ். பெண்களுக்கு மட்டும். நல்ல நீலக் கலரு, அரசி." இரண்டாம் தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள்.

எழுத்தைப் படம் பிடித்தால் வாசித்துச் சொல்லும் வசதி என் போனில் இருக்கிறது. பிலோ பக்கத்தில் நிற்கும்போது போனிடம் எதற்குக் கேட்பது?

பாய் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். இருமினார்.

ஜூன் 19, வியாழன்

ஒரே நாளில் மூன்று பேர்! சியாமளா மேடம் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஆனால் ஒருத்தரும் காலைக் கொடுக்கவில்லை. மூன்றாவது இழுப்புக்கு அப்புறம் அடங்குவார்கள் என்று பார்த்தேன். ஒரு அம்மா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, கையப் பிடிச்சு விடு, போதும். உன்ன என் காலத் தொட வச்சேன்னா அந்தப் பாவம் என் புள்ளகள சும்மா விடாது." கால் வலி என்று போர்டு பார்த்து வந்தவர் காலைக் காட்ட மாட்டேன் என்றால் என்ன செய்வது? கையை அமுக்கினேன். கையில் வலி இல்லை.

ஜூன் 25, புதன்

அமாவாசை. ஐந்து பேர். இட்லிக்கடை அம்மா அமாவாசையில் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று மே மாதம் சொல்லியிருந்தார். அதனால் அமாவாசைக்கு யாரும் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருத்தர் பத்தே நிமிடத்தில், "போதும்மா, மனசு நிறைஞ்சுது" என்று எழுந்துவிட்டார். மனசுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

"வாரவங்கள ஆராயாதட்டி. வந்தாங்கல்லா?" என்கிறாள் பிலோ. அதுவும் சரிதான்.

ஜூலை 2, புதன்

ஒன்றைக் குறித்து வைக்கிறேன். ஒன்பது வருடமாக என் கையில் விழுந்த உடம்புகளில் வலி இல்லாத உடம்பு அபூர்வம். ஹோட்டலில் பணக்காரிகளுக்குக்கூடக் கழுத்தில் ஒரு முடிச்சாவது இருக்கும். போன வாரம் வந்த பதினாறு பேரில் பதிமூன்று பேருக்கு ஒரு வலியும் இல்லை. பஞ்சு. நன்றாகத் தூங்கி எழுந்த உடம்புகள். இவர்கள் எதற்குக் காசு கொடுத்துப் படுக்கிறார்கள்?

எல்லோரும் என்னிடம் சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசுகிறார்கள். காது நன்றாகக் கேட்கும் என்று ஒருவரிடம் சொன்னேன். "கடவுள் அதையாவது விட்டு வச்சாரே" என்றார்.

செவ்வந்தி இரண்டாம் தடவை வரவில்லை. நைட்டிப் பிரிவுப் பெண்ணும் காணோம்.

ஜூலை 8, செவ்வாய்

பழைய சேலை நாலு, பிஸ்கட் பாக்கெட் ஒரு பை, ஒரு சீப்பு பூவம்பழம். வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண்ணுக்கு இன்று பிறந்தநாளாம். பிறந்தநாளுக்கு மசாஜ் செய்துகொள்ளும் பழக்கம் திருச்சிக்கு எப்போது வந்தது?

பிலோவிடம் கேட்டேன். பழத்தைத் தின்றுகொண்டே, "ஊரு மாறிட்டு" என்றாள்.

ஜூலை 11, வெள்ளி

எட்டுப் பேர். வலி: பூஜ்யம்.

ஜூலை 15, செவ்வாய்

செவ்வந்திக்குப் போன் போட்டேன். ஆடித் தள்ளுபடிக்குக் கடை ராத்திரி பத்து வரை என்றாள். கால் எப்படி இருக்கிறது என்றேன். "கெடக்குதுக்கா." வரக் கூடாதா என்றேன். பின்னால் சேலை விரிக்கிற சத்தம் கேட்டது. "உங்க முன்னாடி காலை நீட்டக் கூசுதுக்கா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். முதல் நாளே அந்தக் கூச்சம் போய்விட்டதே. அப்புறம் எங்கிருந்து திரும்பி வந்தது?

ஜூலை 19, சனி

பத்து தடவை எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன்.

வகுப்பு முடிகிற நேரம் சியாமளா மேடம், "இந்த பேட்ச்லயே பெஸ்ட் போர்டு யாரோடதுன்னு பாக்கலாமா?" என்றார். நேற்று எங்கள் சந்து வழியாகப் போனபோது படம் எடுத்தாராம். "மங்கையர்க்கரசி, மொதல்ல சொன்ன வரிய மாத்திட்டீங்க. பரவால்ல. கஸ்டமர் மனச எங்க தொடணும்னு தெரிஞ்சிருக்கு." பிறகு மைக்கில் படித்தார். "பார்வையற்ற சகோதரிகளுக்குக் கை கொடுங்கள். நீங்கள் படுக்கும் ஒரு மணி நேரம், அவர்களுக்கு ஒரு வேளைச் சோறு." போர்டில் இரண்டு பெண்கள் படமும் உண்டாம், கறுப்புக் கண்ணாடி, வெள்ளைக் கோல்.

முன்பைவிட அதிகமாகக் கை தட்டினார்கள். ஊறுகாய் அக்கா மூக்கை உறிஞ்சினார்.

நான் கறுப்புக் கண்ணாடி போடுவதில்லை. எனக்கு என் சோற்றைச் சம்பாதிக்கத் தெரியும். இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. பிலோ என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பஸ்ஸில் நான் ஒரு இடத்திலும் அவள் ஒரு இடத்திலும் உட்கார்ந்து வந்தோம்.

ஜூலை 20, ஞாயிறு

கேட்டேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மே மாசம் நோட்டீஸு குடுக்க ரோட்டுல யாரு நின்னா? நீயா நின்ன? மசாஜ்ங்கிற எழுத்தப் பாத்ததும் ஒவ்வொருத்தனும் எப்படிச் சிரிச்சான் தெரியுமா? ராத்திரி எத்தன மணி வரைக்கும்னு கேட்டான் ஒருத்தன். உங்கிட்ட அதெல்லாம் சொல்லுதேனா? குருடின்னு போட்டா ஒருத்தனும் சிரிக்க மாட்டான். அதுக்குத்தான் போட்டேன்."

"எங்கிட்ட ஏன் மாத்திப் படிச்ச?"

"நீ வேண்டாம்ப. உனக்கு வீம்பு."

"கண்ணு தெரியாதவகிட்ட எழுத்த மாத்திப் படிக்கிறது எவ்வளவு ஈனத்தனம்னு உனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

துண்டு மடித்தாள். மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தாள். கடைசியில், "ஆடி அமாவாசைக்கு நாலு நாளு இருக்கு. அன்னைக்கு அம்மா மண்டபத்துல தர்ப்பணம் குடுத்துட்டு ஊரே இந்தப் பக்கம் வரும். அது வரைக்கும் இருக்கட்டும். அப்புறம் கழட்டிக்கோ" என்றாள்.

சரி என்று சொன்னேன். அண்ணன் வண்டியோடு வந்து நிற்பதை நினைத்துத்தான் சரி என்றேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறுக்க முடியாது.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. காலை ஏழு மணிக்கே படியில் ஆள். காவிரியில் முழுகிய ஈரத் துணியோடு, எள் வாசனையோடு வந்தார்கள். ஆண்களும் வந்தார்கள், மசாஜுக்கு இல்லை, பொட்டலத்தோடு.

ஒருத்தர் பொட்டலத்தைப் பிரித்து என் கையைப் பிடித்துச் சோற்றில் வைத்தார். "ஒரு வாய் இங்கயே சாப்பிடும்மா. நீ சாப்பிட்டாத்தான் எங்க அப்பா சாப்பிட்ட மாதிரி." மசாஜ் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வாழைக்காய்க் கறி. அடுத்தவர், எங்க அப்பாவுக்கும் ஒரு வாய் என்றார். சாம்பார் சாதம். பதினோரு மணிக்குள் ஆறு பேருடைய அப்பாக்களுக்காகச் சாப்பிட்டிருந்தேன். வயிறு முட்டியது. ஏழாவது ஆள் வந்தபோது பிலோ, "நான் சாப்பிடுதேன்யா" என்று நடுவில் வந்து உட்கார்ந்தாள். "முழுசா கண்ணு தெரியாதவங்க சாப்பிட்டாத்தாம்மா விசேஷம்" என்று அவர் அவளைத் தள்ளி உட்காரச் சொன்னார். பிலோ சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம்.

சாயங்காலம் வரை முப்பத்தொரு பேர். ஒரு காலைக்கூட நான் தொடவில்லை. எண்ணெய்க் கிண்ணம் காலையில் ஊற்றியபடியே இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

ஸ்டூல் போட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, கயிறு கயிறாகத் தடவி, போர்டைக் கத்தரித்தேன். நாலாவது கயிற்றோடு பாய் கடை அண்டா அடுக்கின் மேல் போய் விழுந்தது. தெருவே அதிர்ந்தது. பாய் மேலே ஓடி வந்து, "உடம்புல எதுவும் படலையேம்மா?" என்றார். அண்டாக்கள் நசுங்கிவிட்டனவா என்றேன். "அது கெடக்குது. நான் அன்னிக்கே சொல்லிருக்கணும். ரெண்டு பேரும் சேந்துதான் போட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

ஜூலை 26, சனி

பிலோ பெட்டி கட்டினாள். நான் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை.

"உனக்கு மணப்பாறையில ஒரு வீடு இருக்கு. பிடிக்குதோ பிடிக்கலையோ, போய் நிக்க ஒரு வாசல் இருக்கு. எனக்கு அந்தப் போர்டுதான் இருந்துது. வீம்பு பிடிக்கவும் ஒரு வீடு வேணும்ட்டி" என்றாள். அவள் கன்னியாஸ்திரிகளின் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயதுக்கு மேல் அங்கே திரும்பச் சேர்க்க மாட்டார்கள். தெரிந்த விஷயம்தான். இத்தனை வருடத்தில் நான் அதை ஒருமுறைகூட யோசித்ததில்லை.

பாலக்கரையில் ஒரு பெண்கள் விடுதியில் இடம் இருக்கிறதாம். பெட்டியோடு பதினெட்டுப் படி இறங்கினாள். எண்ணினேன். பன்னிரண்டாவது படியில் கொஞ்சம் நின்றாள்.

ஜூலை 28, திங்கள்

யாரும் வரவில்லை.

ஜூலை 29, செவ்வாய்

யாரும் வரவில்லை. அறையைக் கழுவிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

பழைய சேலை ஒன்றோடு ஒரு அம்மா வந்தார். போர்டு எங்கே என்றார். எடுத்துவிட்டோம், வலி இருந்தால் படுங்கள் என்றேன். "வலியெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று போய்விட்டார். சேலையை மட்டும் வைத்துவிட்டார். தரை துடைக்க ஆகும்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மூன்று மணிக்கு ஜவுளிக்கடையின் பின்வாசலுக்குப் போனேன். சாப்பிட்டுவிட்டு, வேலை பார்க்கும் பெண்கள் காற்று வாங்க அங்கேதான் நிற்பார்கள் என்று செவ்வந்தி மசாஜுக்கு வந்த அன்றே சொல்லியிருந்தாள். கோலைத் தட்டிக்கொண்டு போனதும் பேச்சு நின்றது.

"செவ்வந்தி இருக்கியா? போர்டக் கழட்டிட்டேன்."

வந்தாள். "நான் பாவம் பாத்து உங்ககிட்ட வரலக்கா" என்றாள். "கால் வலிக்குதுன்னு வந்தேன். அப்புறம் அந்தப் போர்டப் பாத்தா, உங்களுக்குச் சோறு போடத்தான் நான் காலை நீட்டுனேன்னு இருக்கு. அசிங்கமாப் போச்சு. நீங்களே போட்டுக்கிட்டீங்களேன்னு கோவம் வேற."

"நான் போடல. அப்படிப் போட்டிருக்குன்னு தெரிஞ்ச பிறகும் ஆறு நாள் வச்சிருந்தேன். அது என் தப்பு" என்றேன். பிறகு அங்கேயே ஒரு பெட்டிமேல் அவளை உட்கார வைத்துக் காலைப் பிடித்தேன். ஒரு தடவைகூட இழுக்கவில்லை. ஜூனில் இளக்கிய கல் திரும்பவும் கல்லாகியிருந்தது. சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் மூச்சு என் தலையில் பட்டது. பதினைந்து நிமிடத்தில் கடை மணி அடித்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு மணி நேரம் என்பதை எடுத்துவிட்டேன். இனி இருபது நிமிடம், முட்டிக்குக் கீழே மட்டும். பன்னிரண்டரையிலிருந்து நாலு வரை இடைவெளி இல்லாமல், சாப்பாட்டு நேரத்தில் வந்து போகிறவர்களுக்கு. இது ஹோட்டலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த எந்த முறையிலும் சேராது. அங்கே ஒருத்தருக்கும் அரை மணிச் சாப்பாட்டு நேரம் இருந்ததில்லை.

நாலு பேர். பட்டு, நைட்டி, பில் போடுமிடம், லிஃப்ட் ஓட்டும் பெண். லிஃப்ட் பெண்ணுக்கு உட்கார ஸ்டூல் உண்டாம், உட்காரத்தான் கூடாதாம். நன்றாகத் திட்டினேன், யாரை என்று தெரியாமல்.

ஆகஸ்ட் 9, சனி

வகுப்பு நிறைவு நாள். போகவில்லை. ஏழு பேர், ஏழும் கல்.

ஆகஸ்ட் 13, புதன்

அண்ணன் போன். "ஞாயித்துக்கிழமை ஆவணி ஒண்ணு. காலைல வந்துரட்டா?"

"வராத அண்ணே. மதியத்துல ஒம்பது பேர் வர்றாங்க."

"ஒம்பது பேர்ல என்னத்தம்மா நிக்கும்?"

"ஒம்பதும் வலியோட வருது" என்றேன். அண்ணனுக்குப் புரியவில்லை. அண்ணி போனை வாங்கி, உனக்குன்னு அறையை ஒழிச்சு வச்சிருக்கேனே அரசி என்றார். அந்த அறையில் முறுக்கு டின்னை அடுக்கிக்கொள்ளச் சொன்னேன். நிற்குமா நிற்காதா என்று எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

துண்டு மடிக்க ஆள் இல்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நானே எழுந்து, கதவு திறந்து, மடித்து, எண்ணெய் சுட வைக்க வேண்டியிருக்கிறது. பேச்சுத்துணை இல்லாமல் வேலை சீக்கிரம் முடிகிறது. அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. அண்ணன் வரவில்லை. ஒரு டின் முறுக்கு பஸ்ஸில் வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பத்துப் பேர். ஒன்பது பேரைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

மூன்றரை மணிக்குப் படியில் ஒரு நடை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறும் நடை. கதவருகே வந்து நின்றது. பன்னீர் வாசனை.

"இருபது நிமிஷம்னு செவ்வந்தி சொன்னா" என்றாள் பிலோ.

ஜவுளிக்கடை வாசலில் மூன்று வாரமாக வேலையாம். வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளித்து வாங்க வாங்க என்று சொல்லும் வேலை. ஒன்பதரையிலிருந்து ராத்திரி வரை நிற்க வேண்டும். செவ்வந்திதான் சொல்லிச் சேர்த்துவிட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி.

"படு" என்றேன்.

"ஏட்டி, பாவம் பாத்து வந்தேன்னு நெனைக்காத. நெசமாவே முடியல."

எல்லோரிடமும் கேட்கிற மாதிரி, எங்கே வலி என்று கேட்டேன். "தொட்டுப் பாத்து நீயே சொல்லு. நான் சொன்னா நம்பவா போற?" என்றாள்.

குதிகாலைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், இவள் காலை நான் தொட்டதே இல்லை. இழுத்தாள். மூன்று தடவை இழுத்தாள். மூன்றாவது தடவை விடாமல் பிடித்துக்கொண்டேன். கெண்டைக்கால் இரண்டும் கல். பாதம் வீங்கி, செருப்பு வார் பள்ளமாக அழுந்தியிருந்தது. மூன்று வாரமாக நின்ற கால்தான், பொய் இல்லை.

இடது கால் இளகும்போது அவள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் மூக்கில் ஒழுகியது. கை எண்ணெயாக இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டேன்.

போனில் இருபது நிமிட மணி அடித்தது. காசை எடுத்து நீட்டினாள். மற்றவர்களிடம் வாங்குகிற மாதிரியே வாங்கிக்கொண்டேன். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, "வலது கால்ல ரெண்டு நிமிஷம் கம்மி, நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன்" என்று சண்டைக்கு வந்தாள்.

"நாளைக்கு வா, சேத்துப் பண்றேன்" என்றேன்.